ஐந்து மாதக் குழந்தைக்குக் கவனம் நிற்கவில்லையா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டினால் சில விநாடிகள் உற்றுப் பார்த்துவிட்டு, முற்றத்தில் மேயும் கோழியின் பக்கம் திரும்பிவிடுகிறாள். எதிர்வீட்டுப் பையனோ மின்விசிறியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இவளுக்குக் கவனமே நிற்கவில்லை, நாளைக்குப் படிப்பு எப்படி ஏறும்?" என்று என் மாமியார் வருந்துகிறார்.
- ஒரு தாய், மேலூர்

பதில்: வருந்த வேண்டாம், சகோதரி. கிலுகிலுப்பையில் பார்க்க வேண்டியதை உங்கள் மகள் அந்தச் சில விநாடிகளிலேயே பார்த்து முடித்திருக்கக்கூடும்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1964இல் வெளியிட்ட ஆய்வில், மாறாத ஒரு படத்தையும் அதன் அருகே ஒவ்வொரு முறையும் ஒரு புதிய படத்தையும் காட்டியபோது, இரண்டு மாதம் கடந்த குழந்தைகள் பழையதைப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு புதியதை நாடினார்கள். பழகியது என்று தெரிந்துகொள்ள நினைவு வேண்டும் அல்லவா? பின்னர் ஜான் கொலம்போ முதலியோர், நான்கு மாத வயதில் சுருக்கமாகப் பார்க்கும் குழந்தைகள், நெடுநேரம் பார்ப்பவர்களைவிட விரைவாகப் பொருளை அடையாளம் கண்டுகொள்வதைக் காட்டினர்.

இது பிற்கால அறிவுத்திறனோடு தொடர்புடையதா என்றால், ஓரளவுக்கு உண்டு. அதுவரை நடந்த ஆய்வுகளை 1993இல் தொகுத்துப் பார்த்தபோது, ஒட்டுறவுக் கெழுவின் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்; தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1) இடைநிலை மதிப்பு 0.45 என்று வந்தது. அதாவது, பிள்ளைகளுக்கிடையே பின்னாளில் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே அது விளக்குகிறது. அதுவும் ஆய்வுக்கூடத்தில் அளந்த கணக்கு. பசியோ தூக்கமோ வந்த குழந்தையை வீட்டில் கடிகாரம் பார்த்து அளப்பதில் பொருளில்லை. ஆகவே எதிர்வீட்டுப் பையனையும் யாரும் குறைத்து எண்ண வேண்டாம். சுழலும் விசிறி எந்தக் குழந்தையையும் ஈர்க்கும்.

ஒரு வயதை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. அப்போது ஒரு பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆழ்ந்து விளையாடுவதே நல்ல அறிகுறி. அதை வளர்ப்பதில் பெற்றோருக்கும் பங்குண்டு: தாயோ தந்தையோ அதே பொம்மையைப் பார்த்தால், அவர்கள் பார்வையை விலக்கிய பிறகும் குழந்தையின் கவனம் நீடிப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே அவள் கோழியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக் கிலுகிலுப்பையைக் காட்டாதீர்கள். நீங்களும் கோழியைப் பார்த்து, "கோழி இரை பொறுக்குது பாரு" என்று பேசுங்கள். கைப்பேசி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை திரையே கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

உங்கள் முகம் மெதுவாக நகரும்போது அவள் கண்கள் பின்தொடராவிட்டாலோ, ஓசைக்குத் திரும்பாவிட்டாலோ தாமதிக்காமல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள். கோழியைத் தேடித் திரும்பும் கண்களைப் பற்றி எனக்கு அந்தக் கவலை இல்லை.