தம்பிக்குத் தோட்டம் போதும், முகாம் வேண்டாம்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். என் தம்பிக்கு 29 வயது. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று சொல்லி ஆறு வருடமாக அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறோம். இப்போது சத்தம், சண்டை எதுவும் கிடையாது. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறான், யாரோடும் பேச்சில்லை. மாத்திரை வாங்கும் இடத்தில் பழக்கமான நாலு குடும்பங்களோடு சேர்ந்து தோட்டம் போடலாம் என்று நினைத்தோம். என் மாமா 25 சென்ட் தருகிறார். இதற்குள் ஒருவர் வந்து, தோட்டக்கலை சிகிச்சை மையம் நடத்துவதாகச் சொன்னார். மாந்தோப்பில் மூன்று மாதத் தங்கல் முகாம், தலைக்கு 45,000 ரூபாய், முடிந்தால் மாத்திரையே தேவைப்படாது என்கிறார். எங்கள் நிலத்தில் மானியத்தில் பசுமைக்குடில் போட்டுத் தருவதாக ஆதார், சிட்டா கேட்கிறார். முன்பணம் 5,000 போனில் அனுப்பிவிட்டோம். மீதியைக் கட்டலாமா? நாங்களே செய்ய முடியுமா?

பதில்: சகோதரி, மீதியைக் கட்டாதீர்கள். சிட்டா, ஆதார் நகல் எதையும் கொடுக்காதீர்கள். தோட்டத்தை நீங்களே போடலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டக்கலை சிகிச்சை என்பது அந்த ஆள் கிளப்பிவிட்ட கதை இல்லை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளில் இது வலுவாகக் காலூன்றியது. 1973ல் இதற்கென்றே அங்கே ஒரு சங்கம் அமைந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் தோட்ட வேலையும் பயிற்சிகளில் ஒன்று. உங்கள் தம்பி மாதிரி, நோய் அடங்கியும் எழுந்து நடமாட மனம் வராதவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். காலையில் எழ ஒரு காரணம் கிடைக்கிறது. ஒரு வேலையை எடுத்து முடிக்கிற பழக்கம் திரும்புகிறது. பேசாமலேயே இன்னொருவர் பக்கத்தில் நிற்க முடிகிறது. ஆனால் காதில் குரல் கேட்பதையும், யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்ற நினைப்பையும் செடி நிறுத்தாது. அதற்கு மாத்திரைதான். தோட்டம் வந்தால் மாத்திரை வேண்டாம் என்று எவர் சொன்னாலும், அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறானே என்று மாத்திரையை நிறுத்தி, சில மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த முகாமுக்கு வருவோம். மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017ன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இயற்கை வைத்தியம், யோகா என்று போர்டு போட்டாலும் அதே விதிதான். மாந்தோப்பில் ஷெட் போட்டு நடத்துகிறவரிடம் அந்தப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். காட்டமாட்டார். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். வேலி போட்ட தோப்புக்குள், குடும்பம் பார்க்க முடியாத இடத்தில் ஒருவரை விடும்போது அதை நினைத்துப் பாருங்கள். கட்டிவைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, சரி. பூட்டிய கேட்டுக்குள் போய் யார் பார்க்கிறார்கள்?

முகாமில் இன்னொரு சூதும் நடக்கும். சிகிச்சை என்ற பேரில் மாங்காய் பறிக்க, களை எடுக்க, பாத்தி கட்ட வைப்பார்கள். காசு கொடுத்து அனுப்பியது நீங்கள், கூலியில்லாமல் வேலை வாங்குவது அவர். விளைச்சல் விற்றால் உழைத்தவருக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள், முகம் மாறும். உங்கள் சொந்தத் தோட்டத்திலும் இதே விதிதான்: கீரை விற்ற காசு வந்தால் தம்பி கையில் அவன் பங்கைக் கொடுங்கள், வீட்டுச் செலவில் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் சான்றிதழ். 'சர்வதேசச் சான்று பெற்ற சிகிச்சையாளர்' என்று அட்டை அச்சடிப்பது சுலபம். நம் நாட்டில் மறுவாழ்வுத் துறை நிபுணர்களைப் பதிவு செய்ய 1992ம் வருடச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சில் இருக்கிறது. அதன் பட்டியலில் தோட்டக்கலை சிகிச்சையாளர் என்று ஒரு பிரிவே கிடையாது. ஆகவே இந்தப் பேரில் யாரும் அரசு அங்கீகாரம் காட்ட முடியாது. ஒரு மனநல மருத்துவரோ, மனநல சமூகப் பணியாளரோ, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ தோட்டத்தை ஒரு வழியாகப் பயன்படுத்தினால் அது வேறு விஷயம். அவர்கள் சொந்தத் தகுதியைச் சொல்வார்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லமாட்டார்கள்.

பசுமைக்குடில் பேச்சுதான் எனக்கு எல்லாவற்றையும் விட ஆத்திரமூட்டுகிறது. ஓசூர்ப் பக்கம் ரோஜாவுக்குப் போடுவது மாதிரி ஒரு குடில் உங்கள் ஐந்து பேருக்கு எதற்கு? உள்ளே வெக்கை தாங்காது. மானியம் உண்மைதான், தோட்டக்கலைத் துறை தருகிறது. அதற்கு உழவன் செயலியிலோ வட்டார அலுவலகத்திலோ நீங்களே பதியலாம், நடுவில் ஆள் தேவையில்லை. முதலில் வங்கிக் கடன், பிறகுதான் மானியம் என்கிற திட்டங்களும் உண்டு. மாமாவின் சிட்டாவையும் தம்பியின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனால் கடன் உங்கள் தலையில், கம்பியும் ஷீட்டும் விற்ற லாபம் அவர் பையில். எழுதாத தாளில் ஒரு கையெழுத்தும் போடாதீர்கள். சங்கம் பதிவு செய்யலாம், நான் செயலாளராக இருக்கிறேன் என்று அடுத்தபடி வருவார், அதற்கும் தலையாட்டாதீர்கள். ஐந்து குடும்பம் சேர்ந்து கீரை போட எந்தப் பதிவும் வேண்டாம்.

தோட்டத்தில் இறங்க மருத்துவரிடம் சீட்டு வாங்கத் தேவையில்லை. ஒரே விலக்கு, வெயிலும் மாத்திரையும். இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், மற்ற நாலு குடும்பத்துக்கும் படித்துக் காட்டுங்கள். கை நடுக்கம், விறைப்பு வராமல் இருக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். அது வியர்வையைக் குறைக்கும். குளோர்புரோமசின் போன்ற மாத்திரைகள் உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் கெடுக்கும், வெயில் பட்ட தோலும் சீக்கிரம் கன்றிப்போகும். இப்படிப்பட்டவர் நம்மூர்ச் சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு மண்வெட்டி பிடித்தால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தோல் நெருப்பாகச் சுட்டு, வியர்வை இல்லாமல், பேச்சு குழறினால் நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள். குழுவில் யாராவது லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கேளுங்கள். அவர்களுக்கு உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் அதிகமாவது, தள்ளாட்டம் வந்தால் அன்றே மருத்துவமனை. ஆகவே காலை ஏழு முதல் எட்டரை, அல்லது சாயங்காலம் ஐந்துக்கு மேல். தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை. குடிதண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ப்ளோரைடு அதிகம், அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீர் செடிக்கு மட்டும். அடுத்த மருந்து நாளில் மாத்திரை அட்டையைக் காட்டி, 'வெயிலில் வேலை செய்யலாமா?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? 25 சென்ட்டையும் உழாதீர்கள். ஒரு சென்ட் போதும். ஆளுக்கு ஆறடியில் ஒரு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாத்தி. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம். சீக்கிரம் கண்ணில் தெரிகிற பயிராக எடுங்கள். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம், முள்ளங்கி ஒன்றரை மாதம். செண்டுமல்லி இரண்டு மாதம் ஆகும், ஆனால் ஆயுத பூஜைக்குப் பூக்கிற மாதிரி நட்டால் அந்தச் சந்தோஷமே தனி. தக்காளி வேண்டாம், நோய்க்கு மருந்தடிக்க வேண்டியிருக்கும். தோட்டத்திலும் வீட்டிலும் பூச்சிமருந்து ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது, இதில் சமரசமே இல்லை. மூடியில்லாத கிணறு பக்கத்தில் இருந்தால் அந்த நிலமே வேண்டாம். வேலியில் அரளி இருந்தால் வெட்டிவிடுங்கள்.

மாத்திரையால் விரல் லேசாக நடுங்குகிறவர் கையில் மிளகாய் விதையைக் கொடுத்தால் குழித்தட்டில் ஒரு குழிக்குள் ஒன்பது விழும், வெறுத்துப்போய் எழுந்துவிடுவார். ராத்திரி ஊறவைத்த வெண்டை விதையைக் கொடுத்துப் பாருங்கள். உருண்டையாக விரலுக்கு அகப்படும், குழிக்கு ஒன்று என்று நிதானமாக வைப்பார். வைத்தது மூன்று நாலு நாளில் தலைகாட்டும்போது, யாரும் கூப்பிடாமலே குனிந்து பார்ப்பார். வெளிநாட்டுக் கருவிப் பெட்டி என்று அந்த ஆள் காட்டியிருப்பாரே, அது தேவையே இல்லை. களைக்கொத்தின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் வழுக்காது. தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டால் பூவாளி. குனிய முடியாத பெரியவர் இருந்தால் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துக் கல்மேல் உயர்த்தி வைத்து மண் நிரப்பிக் கொடுங்கள். எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு டெட்டனஸ் ஊசி போட்டிருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

அது சும்மா தோட்டமா, சிகிச்சையா என்பதைத் தீர்மானிப்பது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: தானாக வந்தானா, கூப்பிட வேண்டியிருந்ததா? எந்த வேலையை முடித்தான்? யாரோடாவது பேசினானா? தூக்கம் எப்படி? முதல் மாதம் தம்பி வரப்பில் உட்கார்ந்தே இருந்தாலும் விடுங்கள், திட்டாதீர்கள், 'உனக்காகத்தான் இவ்வளவும்' என்று சொல்லிக் காட்டாதீர்கள். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டினால் மாத்திரை அளவைப் பற்றிப் பேச அவருக்கே அது உதவும். பறித்த கீரையில் ஒரு கட்டு பக்கத்து வீட்டுக்கு, ஒரு கட்டு அங்கன்வாடிக்கு, தம்பி கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். ஊர் அவனை நோயாளியாக மட்டுமே பார்த்துவருகிறது. கீரை கொண்டுவருகிறவனாகவும் பார்க்கட்டும். ஐந்து குடும்பம் சேர்வதில் பெரிய லாபமே, ஒருநாள் உங்களால் முடியாவிட்டாலும் இன்னொரு வீட்டுக்காரர் அவனை அழைத்துப் போவார் என்பதுதான்.

இதையெல்லாம் ஒரு குடும்பம் தலையில் கட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. சமூகத்திலேயே மறுவாழ்வு வசதி செய்து தருவது அரசின் கடமை என்று அதே 2017 சட்டத்தின் 18ம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. நடப்பில் மருந்து நாள், நீண்ட வரிசை, ஒரு மாத மாத்திரை, அவ்வளவுதான். ஜீனூரில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது, உங்கள் பக்கத்திலேயே பையூரில் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாற்றும் நிலமும் ஒரு துறையிடம், நோயாளிகள் இன்னொரு துறையிடம். இரண்டும் ஒரு மேசையில் உட்கார்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் 45,000 கேட்கிறவர் கடை போடுகிறார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஐந்து குடும்பமும் கையெழுத்திட்டு, விதை, நாற்று, மாதம் ஒருமுறை மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் வருகை, இவற்றைக் கேட்டு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். தம்பிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், மனநோயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. தோட்டம் வளர்ந்து விற்பனைக்கு வந்தால் அப்போது மாற்றுத்திறனாளிகள் சுய உதவிக் குழுவாகச் சேரலாம், ஐந்து பேர் போதும்.

கொடுத்த 5,000 பற்றி: போனில் சண்டை போடாதீர்கள். 'முகாமில் சேர விருப்பமில்லை, முன்பணத்தைத் திருப்பி அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர் கொடுத்த நோட்டீஸ், மாத்திரை வேண்டாம் என்று அவர் ஏதாவது குரல் பதிவில் சொல்லியிருந்தால் அது, மூன்றையும் அழியாமல் வையுங்கள். பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியுங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இதற்கும் ஒரு புரோக்கர் வந்து மனு எழுதித் தருகிறேன் என்பார். வெள்ளைத்தாளில் நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.