கேள்வி–பதில்: அசின்க் எழுதியும் தளம் மந்தமானது ஏன்?

கேள்வி: பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ கட்டமைப்பைக் கொண்டு எழுதிய எங்கள் இணையச் செயலியில் எல்லா ஃபங்ஷன்களையும் சாதாரண 'டெஃப்' என்பதிலிருந்து ஒத்திசைவற்ற (காத்திருக்கும்போது வேறு வேலைக்கு இடம்விடும்) 'அசின்க் டெஃப்' என மாற்றினோம். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், அதை அணுக எஸ்க்யூஎல்ஆல்கெமி நூலகத்தில் சைகோபிஜி2 டிரைவரை (தரவுத்தளத்துடன் பேசும் மென்பொருளை) பயன்படுத்துகிறோம். பயனர்கள் கூடும்போது செயலி முன்பைவிடத் திணறுகிறது. ஒத்திசைவற்ற வினவல் என்றால் வேகம் கூட வேண்டாமா?

பதில்: காரணம் அந்த டிரைவரில் இருக்கிறது. சைகோபிஜி2 ஒரு வினவலை அனுப்பினால், விடை வரும்வரை தான் ஓடும் இழையை (த்ரெட்) அப்படியே நிறுத்தி வைத்துவிடும். சாதாரண 'டெஃப்' ஆக இருந்தவரை உங்கள் ஃபங்ஷன்களை ஃபாஸ்ட்ஏபிஐ தனி இழைகளில் ஓட்டியது. மாற்றம் ஏதும் செய்யாவிட்டால் அத்தகைய இழைகள் 40 உண்டு என்பதால், ஒரு வினவல் இழுத்தடித்தாலும் மற்றக் கோரிக்கைகள் நகர்ந்தன. 'அசின்க் டெஃப்' ஆனதும் அவையனைத்தும் ஒரே ஈவென்ட் லூப்புக்குள் (ஒரே இழையில் பல பணிகளை மாறி மாறிக் கவனிக்கும் சுழற்சிக்குள்) வந்துவிட்டன. அங்கே ஒரு வினவல் 2 விநாடி எடுத்தால், அந்த 2 விநாடியும் அந்த பிராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் ஒரு பிரதிக்கு) வந்த வேறு எந்தக் கோரிக்கையும் அசையாது.

ஆகவே அசின்க்பிஜி போன்ற ஒத்திசைவற்ற டிரைவருக்கு மாறுங்கள், எஸ்க்யூஎல்ஆல்கெமி 1.4 முதல் அதற்கு இடமளிக்கிறது. அப்போதுதான் 'அவெய்ட்' என்று எழுதிய இடத்தில் லூப் விடுபட்டு அடுத்த கோரிக்கையைக் கவனிக்கும். ஆனாலும் 2 விநாடி வினவல் 2 விநாடிதான் எடுக்கும். அதைக் குறைக்க வினவல் எங்கே நேரம் எடுக்கிறது எனக் காட்டும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' கட்டளையைப் போட்டுப் பார்த்து வினவலையோ, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸையோ சீர்செய்ய வேண்டும். பயனர் எண்ணிக்கை அளவோடு இருந்தால், பழைய 'டெஃப்' முறைக்கே திரும்புவதில் ஒரு குறையும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மாறுவதானால், கனெக்‌ஷன் பூலை (திறந்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பை) கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுவே. ஒரு கனெக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வினவல்தான் ஓடும். எஸ்க்யூஎல்ஆல்கெமியின் பூல் வழக்கமாக 5 கனெக்‌ஷன்களை வைத்துக்கொண்டு, நெருக்கடியில் மேலும் 10 வரை திறக்கும்; அதற்கும் மேல் வருவோர் 30 விநாடி காத்திருந்து பிழையுடன் திரும்புவார்கள். ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி பூல் என்பதால், 8 பிராசஸ்களை ஓட்டினால் மொத்தம் 120 வரை போகும். போஸ்ட்கிரெஸோ, நீங்கள் மாற்றாதவரை, 100 கனெக்‌ஷன்களைத்தான் ஏற்கும். அந்த எண்ணை விருப்பம்போல் உயர்த்துவதும் நல்லதல்ல, ஏனெனில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் சர்வரில் தனி பிராசஸ் ஒன்று நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரே பக்கத்துக்கான இரண்டு வினவல்களை பைத்தானின் 'கேதர்' மூலம் சேர்ந்தாற்போல் ஓட்ட விரும்பினால், ஒவ்வொன்றுக்கும் தனி செஷன் (எஸ்க்யூஎல்ஆல்கெமி தரவுத்தளத்துடன் நடத்தும் உரையாடல்) கொடுங்கள்; ஒரே அசின்க் செஷனை இரண்டு டாஸ்க்குகள் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. டிரான்சாக்‌ஷனை (ஒன்றாக முடிய வேண்டிய வினவல்களின் தொகுதியை) திறந்து வைத்துக்கொண்டு வெளி ஏபிஐ ஒன்றின் பதிலுக்காக 'அவெய்ட்' செய்யும் வரிகள் நிரலில் இருக்கின்றனவா என்றும் தேடிப் பாருங்கள். அந்த நேரம் முழுவதும் லூப் ஓடிக்கொண்டிருந்தாலும் கனெக்‌ஷன் முடங்கிக் கிடக்கும் என்பதால், டிரான்சாக்‌ஷனை முடித்த பிறகே வெளியே அழைக்கும்படி அவற்றை மாற்றி எழுதுங்கள்.