பழைய கார்களை வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போடுவதில் அப்படி என்னதான் இருக்கிறது?

"சாலையில் ஓடாத காரைத் துடைத்துப் புல்வெளியில் நிறுத்திக் கோப்பை கொடுக்கிறார்களே, வசதி படைத்தவர்களின் பெருமைக்காட்சி என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ ஒரு நண்பர் ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைக் கெடுத்து உங்களை அங்கே வெயிலில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அந்த மைதானத்தில் பணத்தின் வாடையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால், அந்த வரிசையில் ஒருமுறை வண்டியை நிறுத்தி, மதிப்பெண்ணை இழந்து வீடு திரும்பியவன் என்ற முறையில் எனக்கும் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

என் வண்டி ரோல்ஸ் ராய்ஸ் அன்று. என் தந்தையார் 1966-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து, இங்கிலாந்தில் டிரயம்ஃப் என்ற பெயரில் வெளிவந்து, பிறகு சென்னையிலேயே தயாரான கார் அது. அதன் பானெட் முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் கை வைக்கலாம். அப்படி உட்கார்ந்துதான் அப்பா கார்புரேட்டரைக் கழற்றுவார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன்.

அவர் காலத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டியை எடுத்து, சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து பின்விளக்குக் கண்ணாடி தேடி, துருவேறிய தரைத் தகட்டை வெட்டி மாற்றி, இரண்டு ஆண்டுகள் செலவழித்தேன். கடைசியில், பார்ப்பவர் கண் கூச வேண்டும் என்ற ஆசையில், மினுமினுக்கும் கருஞ்சிவப்பு மெட்டாலிக் பெயிண்ட் அடித்தேன். கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் என் வண்டியருகே நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற ஃபியட் 1100-ஐ, சீட்டு வெளுத்து, வண்ணம் மங்கிப்போயிருந்ததால், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பை எனக்குத்தான் என்று வீட்டாரிடம் போனில் சொல்லியும்விட்டேன்.

நடுவர்கள் மூவர் வந்தார்கள். ஹாரன், விளக்கு, வைப்பர் எல்லாம் வேலை செய்தன. இன்ஜினும் முதல் சாவியிலேயே கிளம்பியது. அவர்களில் வயதானவர் மட்டும் டிக்கியைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கை நகத்தால் மெல்ல நெம்பினார். அதற்கடியில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளிர்நீலம் அப்படியே இருந்தது. "இதுதானே சார் இந்த வண்டியோட நிறம்?" என்று கேட்டார். அந்த நீலத்தைப் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குப் பதில் வரவில்லை. ஹெரால்டில் இப்படியொரு மெட்டாலிக் சிவப்பு வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டுத் தாளில் குறித்துக்கொண்டார். ரேடியல் டயருக்கும், புதிய சீட்டு உறைக்கும் தனித்தனியே மதிப்பெண் போயிற்று. அந்தப் பிரிவில் கோப்பை ஃபியட்டுக்குப் போனது.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஈர்ப்பே அந்த நகம் நெம்பிய இடத்தில்தான் இருக்கிறது. பொதுவாக இந்தப் போட்டிகளில் நூறில் தொடங்கிக் குறைகளுக்குக் கழித்துக்கொண்டே வருவார்கள். வண்டி ஆலையிலிருந்து வந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பதால், பளபளப்பு அதிகமாவதும் அங்கே ஒரு குறைதான். 1920-களின் பிற்பகுதிவரை கார்களில் நிக்கல் பூச்சே வழக்கம் என்பதால், 1922-ஆம் ஆண்டு வண்டியில் குரோமியம் மின்னினால் நடுவர் புருவத்தை உயர்த்துவார். ஸ்டார் ஸ்க்ரூவை 1936-இல் காடிலாக் நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே அது கார்த் தொழிலில் பரவியது. 1930-ஆம் ஆண்டு வண்டியில் அது இருந்தால் பிற்காலத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

"லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் பொம்மைகள்" என்று சிலர் சொல்லக்கூடும். கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடக்கும் போட்டிதான் இவற்றில் மிகவும் பெயர்பெற்றது. அங்கே 1998 முதல் போட்டிக்கு முன்பு கார்களைச் சாலையில் ஓட்டிக்காட்ட ஏற்பாடு இருக்கிறது. பிரிவில் இரண்டு கார்கள் சமமதிப்பெண் பெற்றால், அந்த ஓட்டத்தை முடித்த காருக்கே முன்னுரிமை. தொடக்கத்தில் அங்கே புதுக்கார்கள்தாம் வென்றன. பின்னாளில் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனான ஃபில் ஹில் 1955-இல் தம் குடும்பத்தின் 1931 பியர்ஸ் ஆரோவைக் கொண்டுவந்து வென்ற பிறகே பழைய கார்களின் பக்கம் காற்று திரும்பியது. அதன் பிறகு நெடுங்காலம் புத்தம் புதிதாகச் சீரமைத்தவையே வென்றுவந்தன. 2024-இல்தான், ஒரு காலத்தில் பெல்ஜிய அரசர் மூன்றாம் லெயோபோல்டிடம் இருந்த 1934 புகாட்டி டைப் 59, சீரமைக்கப்படாமல் காப்பாற்றப்பட்ட நிலையிலேயே ஒட்டுமொத்தப் பரிசைப் பெற்றது. அப்படி ஒரு வண்டி அங்கே வென்றது அதுவே முதல்முறை. அந்தச் செய்தியைப் படித்த அன்று, பக்கத்தில் நின்ற ஃபியட்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இந்தக் கண்காட்சிகளில் குறையே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். சான்றிதழில் உரிமையாளர் பெயர் மட்டுமே இருக்கும். என் வண்டியின் தரைத் தகட்டை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் தட்டிப் பொருத்திய டிங்கர் அன்று தம் மகனோடு கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அழைத்துவர அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. தகட்டு வேலைக்கு மட்டும் மதிப்பெண் குறையவே இல்லை என்பதை நான்தான் போய்ச் சொன்னேன். வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான், அவரல்லர்.

இப்போது வண்டியிலிருந்து சிவப்பு முழுவதையும் சுரண்டியாகிவிட்டது. பீடிங்கை நிரந்தரமாகக் கழற்றி வைத்துவிட்டு, அந்த விரற்கடை நீலத்தோடு ஒப்பிட்டுப் பெயிண்டர் மூன்று முறை கலந்து பார்த்துவிட்டார். மூன்றாவது கலவை நிழலில் ஒத்துப்போகிறது. வெயிலில் சற்றுப் பச்சை தட்டுகிறது.