கதை பாதியில் நிற்கும்போது செயற்கை நுண்ணறிவிடம் என்ன கேட்பது?

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றிய உங்கள் சிறுகதை, அவள் கூலி பாக்கியைக் கேட்க மேலாளர் அறைக்குள் நுழையும் இடத்தில் நின்றுவிட்டதாகவும், சாட்ஜிபிடியிடம் தொடரச் சொன்னால் கண்ணீரும் மனமாற்றமுமாகவே எழுதித் தருவதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். தான் பயின்ற ஏராளமான எழுத்தின் போக்கைக் கொண்டு அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் கருவி அது என்பதால், பொதுவாகக் கேட்டால் பலரும் எழுதிப் பழகிய முடிவே வருவது இயல்பு.

ஆகவே அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள், இதுவரை எழுதியதைக் கொடுத்து, “ஒரு வரிகூட எழுதாதே, இவளைப் பற்றி நான் இன்னும் யோசிக்காதவற்றை ஒவ்வொரு கேள்வியாகக் கேள்” என்று சொல்லுங்கள். தோத்தாபுரி மாம்பழச் சாறு பிசுபிசுக்கும் கையை அவள் எதில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், வெளியே அவளுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது போன்ற ஒரு கேள்வி கிடைத்தாலே கதை நகரத் தொடங்கிவிடும். விடையை நீங்களேதான் எழுத வேண்டும்.

குறிப்பாக, பாத்திரங்களின் உரையாடலை அதனிடம் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் நம் எல்லைப்பகுதிப் பேச்சு அதன் கையில் மேடைத்தமிழாகிவிடுகிறது. மாம்பழ வரத்து எப்போது மும்முரமாகும், கூலி நாள்கணக்கா எடைக்கணக்கா என்பவற்றையும் அது தயங்காமல் தவறாகச் சொல்லக்கூடும் என்பதால், ஆலையில் வேலை பார்த்தவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரிகைக்கு அனுப்புவதானால், இத்தகைய கருவிகள் குறித்த அதன் விதியையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.