அறிவியல், சாமி நம்பிக்கை, மதம்: மூன்றையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவர். பிள்ளையார் நோன்புக்கு வீட்டில் கூப்பிடுகிறார்கள், நம்பிக்கை அரைகுறையாக இருக்கும்போது போய் நின்றால் அது வேஷம் ஆகாதா என்றும் கேட்டிருக்கிறார். நானும் செட்டிநாட்டுக்காரன்தான். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அதனால் நோன்பிலிருந்தே வருகிறேன்.

தெரியாதவர்களுக்காக: திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து, புது வேட்டியில் தினம் ஒரு நூல் இழையை எடுத்து வைப்பார்கள். சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் 21 இழையையும் சேர்த்துத் திரியாக்கி, இழைமாவு என்கிற இனிப்பு மாவில் செருகி, நெய்யில் நனைத்துக் கொளுத்துவார்கள். வீட்டுப் பெரியவர் ஆளுக்கொன்றாக எடுத்துத் தருவார். சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். "டக்குன்னு வாயை மூடுப்பா, ஒண்ணும் ஆகாது" என்பார் எங்கள் அப்பத்தா. உண்மையிலேயே ஒன்றும் ஆகாது. வாயை மூடியதும் உள்ளே புதுக்காற்று வராது, எச்சில் ஈரம் வேறு, சின்னச் சுடர் அணைந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளையே விளக்கிவிடும். (சின்னஞ்சிறுசுகளுக்கு எங்கள் வீட்டில் அணைத்துவிட்டுத்தான் கொடுப்போம்.)

இந்தக் காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அந்த நேரத்தில் மனது நெகிழத்தான் செய்கிறது. கடலில் திசை தெரியாமல் அலைந்த செட்டிமார்கள் நாள் கணக்குக்காக வேட்டியிலிருந்து தினம் ஓர் இழை உருவி வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததா இல்லையா, யார் கண்டது! பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களை நினைத்து இதே முற்றத்தில் எத்தனை பேர் பிள்ளையாரைக் கும்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் கை தானாகக் குவிகிறது. சுடர் ஏன் அணைந்தது என்பது ஒரு கேள்வி. நான் ஏன் கும்பிட்டேன் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் தெரிந்ததால் இரண்டாவது செத்துப்போகவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். "நெய்ச்சுடரை விழுங்கினால் தொண்டைக் கிருமி சாகும், நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று வாட்ஸ்அப்பில் வரும் பாருங்கள், அங்கேதான். நாளைக்கே ஒருவர் சோதித்துப் பார்த்து, கிருமி ஒன்றும் சாகவில்லை என்று சொன்னால் நோன்பை விட்டுவிடுவோமா? மாட்டோம். அப்புறம் எதற்கு அறிவியலைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்க வேண்டும்? இதில் பக்திக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் இல்லை.

சாமி கும்பிட்டால் அறிவியல் ஆகாது என்பதையும் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நம்ப முடியாது. கோட்டையூர்க்காரரான அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வகம், அதாவது நம் சிக்ரி, காரைக்குடிக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். பக்கத்திலேயே குன்றக்குடி. அங்கே மடத்தின் தலைவராக இருந்த, காவி கட்டிய குன்றக்குடி அடிகளார் நாத்திகரான பெரியாரோடு நட்பாக இருந்தார், கிராமத் திட்டத்துக்கு சிக்ரி விஞ்ஞானிகளைச் சேர்த்துக்கொண்டார். மடத்தை விட்டும் போகவில்லை.

சரி, மதம்? என் தகராறெல்லாம் இங்கேதான். நகரத்தாருக்கு, அதாவது எங்கள் செட்டிமார் சமூகத்துக்கு, ஒன்பது கோயில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று போகும். கல்யாணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டும். வந்தால்தான் அந்தத் தம்பதி ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். இது பக்தியை அளக்கிற கணக்கு இல்லை, யார் நம் ஆள் என்கிற கணக்கு. நாத்திகம் பேசுகிறவருக்கும் புள்ளி உண்டு. என் பெரியப்பா மகன் வேறு சாதியில் கட்டினார், மாலை வரவில்லை. அந்த அண்ணன் இன்றைக்கும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார், கால் கொப்புளத்தோடு திரும்பி வருகிறார். அவரைக் கணக்கில் சேர்க்காத நோட்டு எனக்குக் கடவுளின் நோட்டாகத் தெரியவில்லை. பார்த்தால், இந்த வருத்தத்துக்கும் அறிவியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! நம்பிக்கைக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள வழக்கு இது. அதனால் புள்ளி வரியைக் கட்டுகிறேன், ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசவும் செய்கிறேன். கிடைக்கிற பதில் பெரும்பாலும் மௌனம்தான்.

வேஷமா என்று கேட்டீர்களே. நம்பாத ஒன்றை நம்புவதாக வாயால் சொன்னால்தான் வேஷம். இழை எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கும்போது உங்களிடம் யாரும் சத்தியம் வாங்கப் போவதில்லை. ஆய்வேட்டில் பிள்ளையாரைக் கொண்டு வராதீர்கள், பிள்ளையார் முன்னால் ஆய்வேட்டை விரிக்காதீர்கள், அவ்வளவுதான். யாராவது மாமா கிருமிக் கதையைத் தொடங்கினால் மட்டும் விடாமல் மறுத்துப் பேசுங்கள். அதையும் கருப்பட்டிப் பணியாரம் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்வது நல்லது.