சட்டம் கேளுங்கள்: மூன்று பேரல் டீசல்

கேள்வி: என் கணவர் டிராக்டர்காரர்களுக்காகக் கொட்டகையில் டீசல் வாங்கி வைத்து, லிட்டருக்கு மூன்று ரூபாய் கூட வைத்துக் கொடுப்பார். போன வாரம் போலீஸ் வந்து மூன்று பேரலையும் எங்கள் குட்டியானை வண்டியையும் கொண்டுபோய்விட்டது. வயலில் இருந்தவர் இன்னும் வீடு திரும்பவில்லை. முன்ஜாமீன் கிடைக்குமா? டீசல் வைத்திருப்பதே குற்றமா?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வைத்திருந்தது குற்றமில்லை அம்மா. 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மிகாமல் மொத்தம் 2,500 லிட்டர் டீசல் வரை லைசென்ஸ் வேண்டாம். மூன்று பேரல் என்றால் 600 லிட்டர்தான். வம்பு அந்த மூன்று ரூபாயில் இருக்கிறது. டீலர் அல்லாதவர் விற்பது, பெட்ரோல், டீசல் விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் 2005-ம் ஆண்டு மத்திய அரசு ஆணைக்கு விரோதம். அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 7-வது பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை. "ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு" என்று பேப்பரில் போடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஸ்டேஷனில் உரிமையாக ஜாமீன் கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள், கோர்ட்டில் கேட்கலாம்.

முன்ஜாமீன் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 482. முதலில் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். பங்க் பில் ஒன்றிரண்டு இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். டீசல் எங்கே வாங்கியது, கலப்படம் உண்டா, முன்வழக்கு உண்டா என்ற பேச்சுதான் அங்கே வரும். ஏழாண்டு வரை தண்டனையுள்ள வழக்குகளில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே போலீஸ் நோட்டீஸ் வந்தால் அவர் வக்கீலோடு போய் நிற்கட்டும். என் கட்சிக்காரர் ஒருவர் நாற்பது நாள் மாமியார் வீட்டில் ஒளிந்திருந்தார். "ஆளே தலைமறைவு" என்ற ஒரே வரியோடு அரசு வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார், மனு தள்ளுபடி.

அப்புறம் வண்டி. முன்ஜாமீன் ஆளைத்தான் காப்பாற்றும், குட்டியானையை மீட்காது. அது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 6ஏ பிரிவில் கலெக்டர் விசாரணைக்குப் போகும். பறிமுதலுக்கு முன் உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். கெடு தாண்டாமல் எழுத்தில் பதில் கொடுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டியானால், பிடிபட்ட டீசலின் சந்தை விலைக்கு மேற்படாத அபராதம் கட்டி மீட்க வழி உண்டு.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே? உங்கள் பெயரில் என்றால் அந்த நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.