பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நடக்கும்போது எல்லோரும் ஏன் பேசாமல் இருக்கிறார்கள்? பக்கத்தில் நிற்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: பிராட்வேயிலிருந்து திருவொற்றியூர் போகும் கூட்ட பஸ்ஸில் ஒருவன் ஒரு பெண்ணை உரசிக்கொண்டே வருகிறான். ஐம்பது பேர் பார்க்கிறார்கள், யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அந்த ஐம்பது பேரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டினால் கோபம் தீரும், ஆனால் நாளைக்கும் அதே பஸ் அப்படியேதான் போகும். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அதில் சலனமே இல்லை. 'நாமதான் தப்பா நினைச்சுட்டோமோ' என்று அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். 1968-ல் லாட்டனே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே போய்ச் சொன்னார்கள். கண்டும் காணாததுபோல் இருக்கச் சொல்லிவைத்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் சொன்னது 10 விழுக்காடுதான். புகை கண்ணை உறுத்தும்போதே இப்படி என்றால், 'கூட்டத்துல பட்டுடுச்சு' என்று சொல்லித் தப்பிக்க வழியுள்ள ஒரு விஷயத்தில் எப்படி இருக்கும்?

வடசென்னையில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ தெருமுனையில் நின்று வம்பு பண்ணுகிறவன் பெரும்பாலும் அதே ஏரியாப் பையன். அவன் அண்ணனைத் தெரியும், நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் நேரடியாக மோத வேண்டாம். பூ விற்கும் அம்மா, மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயா, டீக்கடைக்காரர் என்று அவனைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர் யாராவது இருப்பார். 'ஆயா, அந்தப் பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடு' என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் குரலுக்கு அவன் அடங்குகிற மாதிரி உங்கள் குரலுக்கு அடங்க மாட்டான்.

பஸ்ஸில் முதலில் கண்ணை நம்புங்கள். டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்ந்து, திரும்ப நிமிர்வார்கள். இவன் நிமிர மாட்டான். அந்தப் பெண் கைப்பையை இடுப்புப் பக்கம் நகர்த்துவார், அரை அடி முன்னால் போவார். பின்னால் இடம் காலியாகக் கிடந்தும் இவன் கூடவே போவான். இது இரண்டு தடவை நடந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு அவனிடம் பேசாதீர்கள், அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 'டேய்' என்று ஆரம்பித்தால் 'இன்னா பாத்த நீ?' என்று அவன் எகிறுவான், பேச்சு உங்கள் இரண்டு பேர் சண்டையாகிவிடும். அதைவிட, 'அக்கா, இப்படி வந்து நில்லுங்க, இங்க இடம் இருக்கு' என்று சொல்லி இடையில் உங்கள் தோளைக் கொடுங்கள். வயதில் சிறியவராக இருந்தால் 'வாம்மா' போதும். உட்கார்ந்திருப்பவர் என்றால் எழுந்து சீட்டைக் கொடுக்கலாம். ஒரே ஒருவர் பேசிவிட்டால் சுற்றியிருப்பவர்களின் சந்தேகமும் தீர்ந்துவிடும். ஐந்தாறு தலை தானாகத் திரும்பும்.

உதவி தேவைப்பட்டால் பொதுவாகக் கத்தாதீர்கள். 'யாராவது போலீஸுக்குப் போடுங்க' என்றால் யாரும் போட மாட்டார்கள். 'நீலச் சட்டை அண்ணே, நீங்க 112 போடுங்க' என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். போனில் பேசுகிறவர் தட எண், வண்டிப் பதிவு எண், அடுத்து வரும் நிறுத்தம் மூன்றையும் சொல்ல வேண்டும். பெண்கள் உதவி எண் 181. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் என்றால் 139; பெட்டி எங்கே இருக்கிறது, அடுத்த ஸ்டேஷன் கொருக்குப்பேட்டையா தண்டையார்பேட்டையா என்பதையும் சொல்லுங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் தவிர, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே இருட்டில் செயினை இழுத்து வண்டியை நிறுத்துவது நல்ல யோசனை இல்லை. ஆள் எகிறிக் குதித்து ஓடிவிடுவான்.

கண்டக்டர் 'எனக்கு டிரிப் முடிக்கணும்' என்று தட்டிக்கழிக்க முடியாது. 1998-ல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி இப்படிப்பட்ட தொல்லையால் இறந்த பிறகு வந்த பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போகும் கடமையை டிரைவர், கண்டக்டர் மேல் வைத்திருக்கிறது. புகார் அந்தப் பெண் வாயிலிருந்து வர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதனால் 'ஸ்டேஷனுக்குப் போகலாமாக்கா? நான் பார்த்ததைச் சொல்றேன்' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 'ஏம்மா இவ்ளோ நேரம் சும்மா இருந்த?' என்று மட்டும் கேட்காதீர்கள். பயத்தில் உடம்பு உறைந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

பார்த்தவர்கள் காவல் துறைக்கோ உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. தென்காசி பஸ் நிலையத்தில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து எழுந்த வழக்கு அது. சாட்சியாகப் போனால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும் என்று பெண்கள் பயப்படுகிறார்கள். போலீஸ் விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 179-ஆம் பிரிவின்படி, சாட்சி சொல்லும் பெண்ணையும் 60 வயதைத் தாண்டிய ஆணையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். சம்பவம் ராயபுரத்தில் நடந்து, நீங்கள் இறங்கியது எண்ணூராக இருந்தாலும் அங்கேயே புகாரை வாங்கியாக வேண்டும்.

தர்ம அடி கூடவே கூடாது. நாலு பேர் சேர்ந்து மொத்தினால் அவன் பாதிக்கப்பட்டவனாகிவிடுவான், அடித்தவர்கள் மேல் கேஸ் வரும், அந்தப் பெண் சந்தடியில் சத்தமில்லாமல் இறங்கிப் போயிருப்பார். வீடியோ எடுத்தால் அவன் கையும் முகமும் தெரிகிற மாதிரி எடுத்து, அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடுங்கள். வாட்ஸப் குரூப்பில் போட்டால் அடுத்த நாள் தெருவே பேசப்போவது அந்தப் பெண்ணைத்தான். பஸ் டிக்கெட்டை, கட்டணமில்லாச் சீட்டாக இருந்தாலும், தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். கேமரா இருக்கிற பஸ் என்றால் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது, பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும்.

அந்தப் பெண் இறங்கும் நிறுத்தத்தில் அவனும் இறங்குகிறானா என்று பாருங்கள். இறங்கினால் நீங்களும் இறங்குங்கள். வீட்டிலிருந்து யாராவது வரும்வரையோ ஷேர் ஆட்டோ கிளம்பும்வரையோ, வெளிச்சம் இருக்கிற கடை வாசலில் பத்து நிமிடம் கூட நில்லுங்கள்.